கடைசியில் திறக்கிற கதவு

தெருவில் அவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. கடைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவாள். தலைக்குக் குளித்து, புடவையில் ஒரு மடிப்புக் கலையாமல், கையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து நிற்பாள். அதற்குள் வீட்டில் தரை துடைத்து, குடங்களை நிரப்பி, துணி துவைத்து, சமையலும் முடிந்திருக்கும்.

கடையில் பில் போடுகிற பெண், தலைமுடியை வழியெல்லாம் சீவிக்கொண்டே ஓடி வருகிறவள். “அக்கா, காலைல என்னென்ன பண்றீங்கன்னு ஒரு வீடியோ எடுத்துப் போடுங்க. லட்சம் பேர் பாப்பாங்க. நானும் பாத்துட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிடுவேன்” என்பாள்.

கடிகாரம் சிரித்துவிட்டு மெஷினைப் போடுவாள். பயத்தில் செய்கிற வேலையை எப்படி வீடியோ எடுப்பது?

பயம் ஒரு கதவைப் பற்றியது. வீட்டின் பின்னறைக் கதவு. உள்ளே மாமனார் படுத்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர். அதே அறையில், அதே கட்டிலில்தான் போன வருடம் மாமியார் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். மாமனாரின் குறட்டை தாங்காமல் அவரைக் கூடத்துக்கு விரட்டிவிட்டு அந்த அம்மாள் தனியாகப் படுத்திருந்த நாட்கள் அவை. காலையில் டீயோடு உள்ளே போனவள் மருமகள்தான். “அத்தை, டீ ஆறிடும்” என்று சொல்லிக்கொண்டே கையைத் தொட்டாள். கை விறைத்துக் கிடந்தது. அதன் குளிர் அவளுடைய உள்ளங்கையை விட்டுப் போக வெகுநாள் ஆயிற்று.

அன்றைக்கு வீடு கிடந்த கிடப்பும் அவளுக்கு மறக்கவில்லை. தொட்டி நிறையக் கழுவாத பாத்திரம், கூடத்தில் மடிக்காத துணிமலை. வந்தவர்கள் தண்ணீர் கேட்டபோது குடம் காலி. புருஷன் லாரியோடு வெளியூரில் இருந்தான். நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, வந்த ஒவ்வொருவருக்கும் நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு மத்தியானம் வரை நின்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு மாமனார் அந்த அறைக்கு மாறினார். அவளுடைய காலையும் மாறியது. எழுந்ததும் குளித்துப் புடவை கட்டிவிடுவாள். ஏதாவது ஆனால் நைட்டியில் நிற்கக் கூடாது. கூடத்தைத் துடைப்பாள், வருகிறவர்கள் உட்கார வேண்டும். குடிக்கத் தண்ணீர் பிடித்து வைப்பாள். அப்புறம் அடுப்புப் பற்றவைக்க யாருக்கு நேரம் இருக்கும் என்று சமையலை முடிப்பாள். எல்லாம் ஆன பிறகு, கடைசியில்தான் கதவு.

வேலை செய்யும்போது காது மட்டும் கதவிலேயே கிடக்கும். துணி பிழிகிற நேரத்துக்குள் உள்ளிருந்து ஓர் இருமல் வந்துவிடும். அது வந்தால் போன உயிர் அவளுக்குத் திரும்பும். டீயை எடுத்துக்கொண்டு ஒன்றும் நடவாதது போல உள்ளே போவாள்.

“எழுந்துட்டீங்களா மாமா?”

“இன்னைக்கும் எழுந்துட்டேம்மா. என்ன பண்றது.”

இருமல் தாமதமானால் வேலை நீளும். சத்தத்திலாவது விழிக்கட்டும் என்று மிக்ஸியில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓடவிடுவாள்.

ஒரு நாள் இருமல் வரவே இல்லை.

மிக்ஸி ஓடியது. பாத்திரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக டம் டம்மென்று அடுக்கினாள். ஊரில் இல்லாத புருஷனின் சட்டைகளை எடுத்து இஸ்திரி போட்டாள். ஸ்டூல் மேல் ஏறிக் கூடத்து மின்விசிறியைத் துடைத்தாள். கதவில் காது வைத்துக் கேட்டபோது, எங்கோ பல்லி சுரண்டுவது போல ஏதோ கேட்டு நின்றது. தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் அப்படிக் கேட்கிறது என்று நினைத்தாள். கதவு வரை போன கையை இழுத்துக்கொண்டாள். திரும்பி வந்து புருஷனுக்குப் போன் போட்டாள்.

“என்ன, இந்நேரத்துல?”

“உங்கப்பா இன்னும் எழுந்திரிக்கல.”

“உள்ள போய்ப் பாத்தியா?”

“கதவு சாத்தியிருக்கு.”

“உள்பக்கமா பூட்டியிருக்கா?”

“இல்ல. சும்மா சாத்தியிருக்கு.”

போனில் லாரி எஞ்சின் சத்தம் அடங்கியது. பிறகு அவன், “வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். போன வைக்காத. தள்ளு” என்றான்.

தள்ளினாள். கட்டிலில் யாரும் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், போர்வையில் கால் சிக்கியபடி அவர் தரையில் கிடந்தார். திறந்த கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவ்வளவுதான் என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போது கண்கள் இமைத்தன.

“வேலையெல்லாம் முடிஞ்சுதாம்மா?” என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

விழுந்தவரை அவசரப்பட்டு அள்ளித் தூக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னபோது அவர்களும் அதையே சொன்னார்கள். போர்வையைப் போர்த்தினாள், கால் இரண்டையும் அசைக்கச் சொல்லிப் பார்த்தாள், உதட்டை ஈரத் துணியால் நனைத்தாள். இருட்டோடு சிறுநீர் கழிக்க எழுந்தவர், கால் தட்டி விழுந்திருக்கிறார். வலது மணிக்கட்டு உடலுக்கு அடியில் மாட்டி உடைந்திருந்தது. தொண்டை வறண்டு கத்த முடியவில்லை. நகத்தால் சுவரைச் சுரண்டியிருக்கிறார்.

“மிக்ஸி போட்ட. அப்புறம் இஸ்திரி. அடுத்து செருப்பு மாட்டிக் கடைக்குப் போயிடுவன்னு நெனச்சேன்” என்றார் வண்டியில் போகும்போது. “அப்பதாம்மா எனக்கு பயம் வந்துது.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். அவள் கரண்டியால் கஞ்சி ஊட்டினாள்.

“மாமா, நான் வெளியிலதான் இருந்தேன். கதவைத் திறக்க பயந்துகிட்டு.”

“தெரியும். தினம் கதவுக்குக் கீழ உன் கால் நிழல் வந்து நிக்கும், போயிடும். அதுக்குத்தானே இருமறேன்.”

“வேணும்னேவா இருமுனீங்க?”

“பின்ன, எனக்கென்ன காசநோயா? கிழவன் இருக்கான்னு தெரிஞ்சாத்தானே டீ வரும்.” ஒரு வாய் விழுங்கினார். “விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது. உங்கத்தை போன கட்டிலாச்சே. இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கும். நீ வாளியத் தூக்கற சத்தம் கேட்டாத்தான் மூச்சு வரும்.”

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

“நாளைலேர்ந்து முதல்ல இங்க வந்துடு” என்றார் அவர். “இருந்தேன்னா டீ குடு. இல்லேன்னா நீயே குடிச்சுட்டு மத்த வேலையப் பாரு.”

“வாயக் கழுவுங்க மாமா.” பிறகு, கொஞ்சம் யோசித்து, “நீங்களும் இனிமே இருமக் கூடாது. இருமல் வந்தா நான் வெளியவே நின்னுடுவேன்” என்றாள்.

மறுநாள் விழித்ததும் அவளுடைய கால் பழக்கத்தில் குளியலறைப் பக்கம் திரும்பியது. நின்றாள். தலை கலைந்திருந்தது, முகம்கூடக் கழுவவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பின்னறைக்கு நடந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் விளக்குமாறைத் தேடிப் போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கதவைத் தள்ளினாள்.

அரையிருட்டில் அவர் மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்ட கை நெஞ்சின் மேல் அசையாமல் இருந்தது. கைக்கு எட்டியது அவருடைய பாதம்தான். தொட்டாள். ஜில்லென்று இருந்தது.

“மாமா.”

பாதத்தை விடாமல் இன்னொரு முறை கூப்பிட்டாள்.

“இருமக் கூடாதுன்ன. பேசலாமா?” என்றது கட்டில்.

அவள் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“இப்படியா பயமுறுத்துவீங்க? காலு ஐஸ் மாதிரி இருக்கு.”

“இப்பதாம்மா முழிச்சேன், சத்தியமா. இந்த வயசுல ரத்தம் அவ்வளவு தூரம் போகாது. கழுத்தத் தொட்டுப் பாரு.”

புறங்கையை அவர் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. நாடி ஓடிக்கொண்டிருந்தது. என்றைக்காவது ஒரு நாள் அது ஓடாது, அதையும் இந்தக் கைதான் தொட்டுப் பார்க்க வேண்டும். அவருக்கும் அது தெரியும் போல. இடது கையால் தட்டித் தடவித் தன் தண்ணீர் டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

குடித்தாள். பிறகு குனிந்து, அவர் இருட்டில் எழ வேண்டாம் என்று ராத்திரி கட்டிலுக்கடியில் வைத்திருந்த சிறுநீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்தே விட்டுவிட்டுப் போனாள்.