கார் நிற்கப்போகும் இடத்தில் புடலங்காய்

வீட்டுத் தோட்டம் போட்டால் மனசுக்கு நிம்மதி என்று சொல்கிறவர்கள் பங்குனி கடைசியில் செவிலிமேட்டுக்கு வந்து, என் வீட்டுப் பின்பக்கம் ஒரு வாரம் நின்று பார்க்கட்டும். அந்தக் கோடை முழுவதும் எனக்கு நிம்மதி வரவில்லை. கோபம்தான் வந்தது. வெயில் மேல் கோபம், கொத்தமல்லி மேல் கோபம், அணில் மேல் கோபம். எல்லாவற்றையும் விட என் கொழுந்தன் மேல் கோபம்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாமனார் கட்டிய வீடு. கீழே நானும் என் வீட்டுக்காரரும் இருக்கிறோம். மாடியில் கொழுந்தன் குடும்பம். பின்னால் ஒரு கார் நிற்கிற அளவு மண் தரை. பல வருடம் அங்கே உடைந்த ஓடும் செங்கல்லும்தான் கிடந்தன. அதைப் பொறுக்கி வெளியே போட்டு, சாணி எரு வாங்கிக் கொட்டி, செடி வைக்கிற மண்ணாக மாற்றியது நான். பட்டுப் புடவைத் தறியில் உட்கார்ந்து நெய்து முதுகு பிடித்துக்கொண்டால் எழுந்து அங்கே போய் இரண்டு கொத்து கொத்துவேன். எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

கொழுந்தன் பழைய கார் ஒன்று வாங்கினான். தெருவில் நிறுத்தினான். எங்கள் தெருவின் அகலத்துக்கு அது எப்படி நிற்கும்? ஒரு மாதத்துக்குள் பக்கக் கண்ணாடி உடைந்தது. யார் உடைத்தது என்று தெரியவில்லை. அடுத்த நாள் பின்பக்கம் வந்து இடுப்பில் கைவைத்து நின்றான்.

“அண்ணி, இந்த எடம் சும்மாதானே கெடக்குது. சிமெண்ட் போட்டுக்கினா சந்து வழியா வண்டிய உள்ள உட்டுருவேன்.”

“சும்மா கெடக்குதா? கண்ணு இன்னா அவிஞ்சிபோச்சா உனக்கு? கத்திரி இருக்குது, வெண்ட இருக்குது.”

“மூணு கத்திரிக்கா காய்க்குது. அதுல ரெண்டு சொத்த. அதுக்கு ஒரு கார் நிக்கிற எடமா?”

அவன் சொன்னது உண்மை. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

என் வீட்டுக்காரர் கொத்தனார். சிமெண்ட் போட வேண்டுமென்றால் அவர்தான் போட வேண்டும். அவரிடம் கேட்டால், “ரெண்டு பேரு சொல்றதும் நாயமாத்தான் இருக்குது” என்றார். இந்த மனிதருக்கு எப்போதும் கடைசியாகப் பேசியவர் சொன்னதுதான் நியாயம். நான் பேசினால் நான், தம்பி பேசினால் தம்பி.

கடைசியில் கொழுந்தனே ஒரு வழி சொன்னான். “செரி அண்ணி, ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், கடையில காய் வாங்காம மேல கீழ ரெண்டு வீட்டுக்கும் இதுலேருந்து பறிச்சு கொழம்பு வெச்சுக் காட்டுங்க. நான் வாயே தெறக்க மாட்டேன். முடியலன்னா சிமெண்ட்.”

நான் யோசிக்கவே இல்லை. “ரெண்டு வாரம் வெக்கிறேன் போ” என்றேன். கோபத்தில் பேசினால் இப்படித்தான் வாய் நீளும்.

கோடையில் செடி வளர்ப்பது எப்படி என்று போன் வீடியோவில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். மாமர நிழலில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து சொன்னார். கொத்தமல்லி விதையைத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள் என்றார். உடைத்துப் போட்டேன். முளைக்கவில்லை. ஊறவைத்துப் போடுங்கள் என்றார். எறும்பு தூக்கிக்கொண்டு போனது. மூன்றாம் தடவை முளைத்தது. நாலு விரல் உயரம் வந்ததும் பூத்துவிட்டது. பூத்த கொத்தமல்லியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, தலையில் வைப்பதா? மிளகாய்ச் செடியில் இலை சுருண்டது. புளித்த மோர் தெளியுங்கள் என்றார். தெளித்தேன். சுருட்டை அப்படியே இருந்தது, பின்பக்கம் முழுக்க மோர் நாற்றம் அடித்தது. போர்த் தண்ணீரில் உப்பு. ஊற்றி இரண்டு நாளில் மண் மேல் வெள்ளையாகப் பூக்கும். நான் ஒன்றுமே செய்யாத புதினா மட்டும், பாத்திரம் கழுவுகிற இடத்தில், காட்டுச்செடி மாதிரி வளர்ந்தது.

ஆனால் கொடி பிடித்துக்கொண்டது. மாகறலில் என் அக்கா வீட்டிலிருந்து புடலை விதையும் பீர்க்கன் விதையும் கொண்டுவந்து மதில் ஓரம் ஊன்றியிருந்தேன். சவுக்குக் கம்பு நட்டு, மேலே கம்பி இழுத்து, பந்தல் போட்டது என் வீட்டுக்காரர். அந்த ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தார். சித்திரை பாதியில் கொடி பந்தலைத் தொட்டுவிட்டது. பாலாற்றுப் பக்கமிருந்து சாயங்காலம் அடிக்கிற காற்றில் கொடி ஆடி ஆடி விழுந்தது. கட்டியாக வேண்டும்.

கட்டுவதற்கு என்னிடம் நூலுக்கா பஞ்சம்? தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூல், முடிந்து அடுத்த பாவைப் பிணைத்த பிறகு, முழம் இரண்டு முழம் என்று பட்டு இழைகள் மிஞ்சும். அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. ஒரு அரிசிப் பை நிறைய சேர்த்து வைத்திருந்தேன். அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். இரண்டு நாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் உட்கார்ந்து எல்லாக் கொடியையும் கணுவுக்குக் கணு கம்போடு சேர்த்துக் கட்டினேன். தறியில் இழை அறுந்தால் நான் போடுகிற முடிச்சையே போட்டேன். என் கைக்கு வேறு முடிச்சு வராது. பொடி முடிச்சு, கண்ணுக்கே தெரியாது, நழுவவே நழுவாது. நழுவினால் புடவை கெட்டுப்போகும்.

பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த கொழுந்தன்கூட, “இன்னா அண்ணி, பொடலங்காய்க்குக் கல்யாணமா?” என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வைகாசியில் பிஞ்சு இறங்கியது. விரல் நீளத்தில் புடலை வெள்ளைக் கோடு போட்டுத் தொங்கியது. தினமும் எண்ணினேன். இந்தக் கணக்கில் போனால் இரண்டு வாரம் என்ன, மூன்று வாரம் குழம்பு வைப்பேன் என்று நினைத்தேன். அப்போதுதான் ஒரு காலையில் முதல் கொடி துவண்டு கிடந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு குடம் ஊற்றினேன். மறுநாள் இன்னும் துவண்டது. மூன்றாம் நாள் இலை பழுத்துப் பிஞ்சு சுருங்கிவிட்டது. அந்த வாரமே அடுத்த கொடியும் தலை சாய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்தன் காரைத் தெருவிலிருந்து வீட்டுப் பக்கச் சந்துக்குள் கொண்டுவந்து கழுவிக்கொண்டிருந்தான். சோப்பு நுரை வழிந்து நேராக என் மதில் ஓரத்துக்கு ஓடிவந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“என் கண்ணு முன்னாடியே சோப்புத் தண்ணிய உட்டுக்கினு நிக்கிறியே, வெக்கமா இல்ல உனக்கு?”

“இன்னா அண்ணி? இன்னா ஆச்சு?”

“நடிக்காத. வெறும் சோப்பா, இல்ல உப்பும் கலந்து உடுறியா?”

“உப்பா? நான் இன்னா கருவாடா போடுறேன்?”

உள்ளே என் வீட்டுக்காரர் சிரித்தது கேட்டது. “சிரிக்காதீங்க” என்று கத்தினேன். “நான் எங்க சிரிச்சேன், இருமல்மா” என்றார். அந்தச் சிரிப்புதான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது.

“கொடிக்கு வெஷம் வெக்கிறவன் நாளைக்கு எங்க சோத்துல வெக்க மாட்டியா?” என்று கேட்டுவிட்டேன்.

அவன் குழாயை மூடினான். நுரையோடு காரை அப்படியே விட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அந்த நுரை கார் மேலேயே காய்ந்து கோடு கோடாக இருந்தது. பத்து நாளுக்கு மேல் பேச்சு இல்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவான். நானும் விடவில்லை. சந்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே மண் அணைத்து வரப்பு கட்டினேன். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அப்படியும் மூன்றாவது கொடி செத்தது.

செத்த கொடியை வைத்துக்கொண்டு அழுவதா? பிடுங்கிப் போடலாம் என்று மேலே பிடித்து இழுத்தேன். வேரோடு வரும் என்று பார்த்தால் முட்டி உயரத்தில் பட்டென்று முறிந்தது. முறிந்த இடத்தில் அரக்கு நூல் இருந்தது. நூலுக்கு மேலே தண்டு விரல் மொத்தத்துக்கு வீங்கியிருந்தது. நூல் இருந்த இடத்தில் ஊசி மாதிரி இளைத்திருந்தது. நான் கட்டும்போது கொடி நூல் மாதிரி இருந்தது. பிறகு அது பருத்தது. நூல் பருக்குமா? பட்டு நீளவில்லை, மக்கவில்லை, முடிச்சு நழுவவில்லை. தண்டைக் கம்பி மாதிரி அறுத்துவிட்டது.

வாழை நாரோ சணலோ வைத்துக் கட்டுகிறவர்களுக்கு இது நடக்காது. அது நாலு மழைக்கு, நாலு தண்ணீருக்கு இற்றுப்போய்விடும். தடிமனாக இருப்பதால் அறுக்கவும் செய்யாது. என் தலையெழுத்து, வீட்டில் பட்டு இருந்தது. என் கை முடிச்சு போட்டால் நல்ல முடிச்சாகத்தான் போடும்.

மற்ற கொடிகளை ஓடி ஓடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கதை. சில இடத்தில் நூல் தோலுக்குள்ளேயே போய்விட்டது. அவிழ்க்க முடியவில்லை. பிளேடை எடுத்து வந்து ஒவ்வொரு கட்டாக அறுத்தேன். அவசரத்தில் இரண்டு இடத்தில் தண்டையும் சேர்த்து அறுத்துத் தொலைத்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. திட்டுவதற்கு ஆள் தேடினேன். யாரும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

யாருக்கும் தெரியாது. சொல்லாமலே இருந்திருக்கலாம். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் தறியில் உட்கார்ந்தால் இழை இழையாக அறுந்தது. மூன்றாம் நாள் கொழுந்தன் கம்பெனி ஷிப்டு முடிந்து வந்து வண்டியை நிறுத்தும்போது எதிரே போய் நின்றேன்.

“உன் சோப்புத் தண்ணி இல்ல. நான் கட்டுன பட்டு நூலுதான் அறுத்துடுச்சு.”

அவன் காரைப் பூட்டினான்.

“அப்ப சோத்துல வெஷம் வெப்பேன்னு சொன்னது?”

“அது வாய் கொழுப்பு. தப்புதான்.”

“தப்புன்னா?”

“தப்புன்னா தப்புதான்பா. கால்லயா விழணும்?”

“வோணாம். விழுந்தா எழுந்திருக்க மாட்டீங்க. முதுகு” என்றான். பிறகு மாடிப்படியில் நின்று, “ஆடிக்கு இன்னும் நாள் இருக்குது அண்ணி. சிமெண்ட்ட நான் மறக்கல” என்றான். மன்னித்தானா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் பேசினான்.

நூலுக்கும் பிளேடுக்கும் தப்பித்தது ஒரே ஒரு புடலைக்கொடி. மூலையில் இருந்தது. பழைய வேட்டியைப் பட்டையாகக் கிழித்துத் தளர்வாகக் கட்டினேன். ஆனி கடைசி வாரம், வாய் நீண்ட இரண்டு வாரத்தை விழுங்கிவிட்டு, அவன் கேட்ட ஒரு வாரக் குழம்பைத் தொடங்கினேன். முதல் நாள் வெண்டைக்காய் புளிக்குழம்பு. இரண்டாம் நாள் புடலங்காய்ப் பருப்புக் குழம்பு, இரண்டு வீட்டுக்கும் தாராளம். மூன்றாம் நாள் கத்திரிக்காய், சொத்தையை நறுக்கி எறிந்த மிச்சம். நாலாம் நாள் தண்டுக்கீரைக் குழம்பு. ஐந்தாம் நாள் காலையில் கூடையோடு போனால் முற்றிய வெண்டை இரண்டும் ஒரு கை மிளகாயும்தான். புடலை விரல் நீளப் பிஞ்சாகத் தொங்கியது. பறித்தால் பாவம், பறித்தாலும் போதாது.

கடையில் ஒரு கிலோ புடலங்காய் வாங்கி வந்து நறுக்கிவிட்டால் எவனுக்குத் தெரியும்? செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். எதிர்வீட்டுக்காரி “எங்கம்மா கெளம்பிட்ட?” என்று கேட்டாள். “எங்கியும் இல்ல” என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். ஏற்கெனவே ஒருவன் மேல் பொய்ப் பழி போட்டாயிற்று. இன்னொரு பொய்யை என்னால் சமைக்க முடியவில்லை. புதினாவை அறுத்து, மிளகாய் வைத்துத் துவையல் அரைத்து மாடிக்கு அனுப்பினேன்.

கொழுந்தன் கிண்ணத்தோடு இறங்கி வந்தான். “தொவையல் நல்லாருக்குது அண்ணி. ஆனா தொவையல் கொழம்பு ஆவாதே.”

“எனக்குத் தெரியும். சிமெண்ட் எறக்கு.”

ஆடி பிறந்து முதல் ஞாயிறு வேலை நடந்தது. நான் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜல்லி கொட்டுகிற சத்தமும், கொத்தனார் கரண்டி இழுக்கிற சத்தமும் கேட்டன. வெண்டையைப் பிடுங்கட்டுமா என்று என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஈரமாக இருந்தது. கத்திரி இல்லை, வெண்டை இல்லை, புதினாவும் இல்லை. மூலையில் மட்டும், மதிலை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு, மண்ணை அப்படியே விட்டிருந்தார். புடலைக்கொடி கம்போடு நின்றது.

“இன்னாண்ணா இது? இந்தப் பக்கம் ஏன் உட்டுட்ட?” என்று கொழுந்தன் கேட்டான்.

“சிமெண்ட் பத்தல” என்றார் அவர். அரை மூட்டை சிமெண்ட் அவருக்குப் பின்னாலேயே சுவரில் சாய்ந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

தரை காய்ந்து கார் உள்ளே வந்தது. முதல் நாளே கொழுந்தன் கத்தினான்.

“அண்ணி, பந்தக் கம்பு இடிக்குது. இந்தப் பக்கம் கதவு தெறக்கல.”

“அந்தப் பக்கமா எறங்கு” என்றேன்.

முனகிக்கொண்டே இருக்கைக்கு மேல் நகர்ந்து நகர்ந்து அந்தப் பக்கமாக இறங்கினான். இன்றைக்கும் அப்படித்தான் இறங்குகிறான். தினமும் முனகுகிறான். எனக்கும் கோபம் முழுசாக இறங்கவில்லை. அந்த ஒரு முழத்தில் இந்த வருடம் பீர்க்கன் போட்டிருக்கிறேன்.