மணிக்கட்டில் கட்டிய தங்கூசி

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. என் இரண்டு கைகளும் அந்தத் தண்ணீருக்குள் இருந்தன.

‘படிச்ச பிள்ளை, நீயுமா?’ என்று சிரிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். நான் பௌதிகம் படித்தவள். எங்கள் பரம்பரையில் பட்டம் எடுத்த முதல் ஆள். நீரோட்டமும் இழுவிசையும் எனக்கு நீங்கள் சொல்லித்தரத் தேவையில்லை. அன்றிரவு விடியும்வரை அவற்றை வைத்துத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை வரவில்லை.

போன ஆவணி, பள்ளிக்கூட விடுமுறை. அண்ணா ரஜிதன் கிளிநொச்சியில் சிறுபோக நெல்வெட்டை முடித்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கடல் காட்ட வேண்டும் என்று எங்களையெல்லாம் முல்லைத்தீவுப் பக்கம் கூட்டிப்போனார். அண்ணி, ஒன்பது வயது தர்மிகா, ஆறு வயது சாருஜன், நான். நஜீம் நானா என்பவர் கடற்கரையில் நாலு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார். அங்கேதான் தங்கினோம். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே சனம் மீன் விற்றுத்தான் சாப்பிடுகிறது.

இரண்டாம் நாள் பின்னேரம் அண்ணாவும் அண்ணியும் வற்றாப்பளைக் கோயிலுக்குப் போனார்கள். பிள்ளைகள் என் பொறுப்பு.

“மச்சாள், தண்ணிக்குள்ள மட்டும் இறக்கிப்போடாதையுங்கோ” என்றார் அண்ணி.

“எனக்கென்ன விசரோ? நான் பாக்கிறன், நீங்கள் போங்கோ.”

அப்படித்தான் சொன்னேன்.

நஜீம் நானா இரண்டு போத்தல்களில் தங்கூசி நூல் சுற்றித் தந்தார். நுனியில் தூண்டில் முள்ளும் ஈயக் குண்டும். ஒரு பேணியில் இறாலும் அதை வெட்ட ஒரு சின்னக் கத்தியும்.

“வயல்காரர் மீன் பிடிக்க வெளிக்கிட்டா மீனுக்கே சிரிப்பு வரும், தங்கச்சி.”

“சிரிச்சு வாயைத் திறந்தாத்தானே நானா முள்ளு ஏறும்?”

“கதைக்கு மட்டும் குறைச்சலில்லை” என்று சிரித்துக்கொண்டே போனார்.

முதலில் அலையில்லாத களப்புப் பக்கம் இருந்த சின்ன இறங்குதுறையில்தான் உட்கார்ந்தோம். பலகைகளுக்கு இடையால் பச்சைத் தண்ணீர் தெரிந்தது. தர்மிகா போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஒரு கீளி பிடித்தாள். பிறகு இன்னொன்று. சாருஜனுக்கு ஒன்றும் படவில்லை.

“அக்காட மீனெல்லாம் நான் விட்ட மீன்” என்றான்.

“ஓம், நீ விலாசம் குடுத்து அனுப்பினனீ” என்றாள் அவள்.

அவனுடைய முள் ஒவ்வொரு முறையும் வெறுமையாக வந்தது. மீன் கடித்துத் தின்றால் ஒரு துணுக்காவது மிஞ்சும். இதில் ஒன்றுமில்லை. துடைத்துவைத்த மாதிரி இருந்தது. நான் புதிதாக இறால் குத்திக் கொடுத்தேன். அடுத்த முறை இறால் இருந்தது.

ஆனால் நான் வாலில் குத்தியிருந்தேன். மேலே வந்த இறால் தலையில் குத்தியிருந்தது.

நான்தான் மாறிக் குத்தியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மூளை அப்படித்தான். தனக்கு வசதியான பதிலை முதலில் எடுத்துக்கொள்ளும்.

“மாமி, கீழ ஆரோ நூலைத் தொட்டுத் தொட்டுப் பாக்கினம்” என்றான் சாருஜன்.

“மீன்தான் தம்பி.”

“மீனுக்கு விரல் இல்லைத்தானே?”

தர்மிகா கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து அவனுடைய கையிலிருந்து போத்தல் நழுவித் தண்ணீரில் விழுந்தது. மிதக்க வேண்டிய வெறும் பிளாஸ்டிக் போத்தல். ஒரு தரம் புரண்டது. பிறகு நேரே கீழே போய்விட்டது.

அவன் அழுத அழுகையில் களப்பே அதிர்ந்தது. வேறு வழியில்லாமல் தர்மிகாவிடம் இருந்த நூலை வாங்கி அவனுக்குக் கொடுத்தேன். அலையடிக்கிற பக்கம் போய் எறிய வேண்டும் என்றான். போனோம். தர்மிகா கோபத்தில் எங்களுக்குப் பின்னால் தள்ளியிருந்து சிப்பி பொறுக்கினாள்.

இந்த இடத்தில்தான் அதைச் செய்தேன்.

எங்கள் வீட்டில் ஆட்டுக்குட்டியை வரம்பால் கொண்டுபோகும்போது கயிற்றின் நுனியை மணிக்கட்டில் கட்டுவோம். கை ஓய்ந்தாலும் குட்டி ஓடாது. சின்ன வயதிலிருந்து பழகிய முடிச்சு. கழலாது. நனைந்துவிட்டால் நகத்தாலும் அவிழ்க்க ஏலாது.

“இதையும் விட்டியோ, நானாவுக்கு நான் என்ன சொல்லுறது?” என்று, சாருஜனின் வலது மணிக்கட்டில் என் கைலேஞ்சியை மடித்துச் சுற்றி, அதற்கு மேலால் தங்கூசியை அந்த முடிச்சுப் போட்டுக் கட்டினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நூலை எறிந்தேன். சோளகக் காற்று முதுகிலிருந்து அடித்தது. ஈயம் நல்ல தூரம் போய் விழுந்தது.

அந்தக் கரையில் சூரியன் கடலில் விழுவதில்லை. முதுகுக்குப் பின்னால், தரைப்பக்கம் விழும். அதனால் கடல்தான் முதலில் இருளும். எங்கள் முதுகில் இன்னும் வெளிச்சம் இருந்தது. முன்னால் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தேன். ஆறு இருபத்தைந்து. இன்னும் ஐந்து நிமிடம், பிறகு போகலாம் என்றேன்.

காற்று நின்றது.

ஈர மணலில் இருந்த சின்ன நண்டுகள் எல்லாம் மேலே ஏறின. எங்கள் காலுக்கிடையால், தரைப்பக்கம். ஒன்றுகூடக் கடலுக்குள் போகவில்லை.

“மாமி, பட்டிட்டுது!”

நூல் இறுகியிருந்தது. நான் பிடித்துப் பார்த்தேன். மீன் இழுத்தால் துடிக்கும், வெட்டும், பக்கம் மாறும். அன்று பின்னேரம் முழுக்கப் பார்த்த எனக்கே அது தெரியும். இது துடிக்கவில்லை.

இழுத்தது… நின்றது… இழுத்தது… நின்றது…

நாங்கள் நூல் இழுக்கிற மாதிரி. ஒரு கை, பிறகு மற்றக் கை.

நீரோட்டம் என்று சொல்லிக்கொண்டேன். அப்போது நூல் நகரத் தொடங்கியது. வெளியே அல்ல. கரையோரமாக, பக்கவாட்டில். ஆள் நடக்கிற வேகத்தில். கொஞ்சத் தூரம் போய், திரும்பி, எங்களுக்கு நேரே வந்து நின்றது.

தண்ணீருக்குள் கிடக்கிற நூல் சரிந்து கீழே இறங்க வேண்டும். இது இறங்கவில்லை. சாருஜனின் கையிலிருந்து நேரே, மட்டமாக, தண்ணீருக்கு மேலால் போனது. ஒரு ஆள் நெஞ்சளவு தண்ணீரில் நின்று கையை உயர்த்திப் பிடித்தால் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில். நூல் நெடுக நீர்த்துளிகள் வரிசையாக வழிந்தன. மற்ற நுனியில் யாரும் இல்லை.

அலை வந்து உடைந்தது. சத்தம் வரவில்லை.

“மாமி, கை நோகுது.”

“தம்பி, பின்னுக்கு வா.”

அவன் வந்தான். நூல் விடவில்லை. ஒரே இழுவை. சாருஜன் முழங்காலளவு தண்ணீரில் நின்றான். நான் பாய்ந்து இடுப்பில் பிடித்தேன்.

“தர்மிகா! பேணிக்குள்ள கத்தி கிடக்கு! கெதியாக் கொண்டா!”

அவள் அசையவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தர்மிகா!”

முடிச்சைப் பிடுங்கினேன். இறுகிப்போயிருந்தது. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தேன். உப்பு… இரத்தம்… நூல் அறவில்லை.

இழுத்தது.

இடுப்பளவு தண்ணீர்.

இழுத்தது.

என் காலின் கீழ் மணல் கரைந்து போனது. அலை எங்கள் இருவரையும் மூடியது.

தண்ணீருக்குள் நான் அவனுடைய மணிக்கட்டை விடவில்லை. என் இரண்டு கைகளும் அதில்தான் இருந்தன.

மூன்றாவதாக ஒரு கை வந்தது.

குளிர்.

விரல்கள். மெல்ல… ஒவ்வொன்றாக… அவனுடைய கையைத் தடவின. விட்டன.

பிறகு என் வலது கையைப் பிடித்தன.

பிடித்தபடியே இருந்தன…

விட்டன.

நாங்கள் கரையில் கிடந்தோம். சாருஜன் இருமினான். மூச்சு இருந்தது. தர்மிகா கத்தியோடு பக்கத்தில் நின்று தேம்பினாள். அவனுடைய கையைத் தூக்கிப் பார்த்தேன். கைலேஞ்சி சுற்றியபடியே இருந்தது. தங்கூசி இல்லை. அறுந்திருந்தால் முடிச்சாவது மிஞ்சியிருக்கும். முடிச்சும் இல்லை. பல்லுக்கும் நகத்துக்கும் அசையாத முடிச்சை, நனைந்த நூலில், யாரோ பொறுமையாக இருந்து அவிழ்த்திருந்தார்கள்.

அப்போதுதான் அலையின் சத்தம் திரும்ப வந்தது.

அண்ணாவும் அண்ணியும் வந்தபோது பிள்ளைகள் தலை துடைத்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “கரையில விளையாடேக்க அலை தட்டிப்போட்டுது” என்றேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். தர்மிகா தலை குனிந்து சோற்றைப் பிசைந்தாள். நான் நித்திரை கொள்ளவில்லை.

விடிய, குசினிப் படியில் கமலாசனி அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊர்க்காரி. அண்ணாவின் வயதை விடக் கொஞ்சம் கூட இருக்கும். நஜீம் நானாவின் வீட்டுக்குத் தினமும் மீன் கொண்டுவருகிறவர். சாருஜன் பக்கத்தில் குந்தியிருந்து, “இது என்ன மீன், அது என்ன மீன்” என்று உயிரை வாங்கினான். கை கன்றிப்போயிருந்தது.

“கையில என்ன அப்பு?”

“மாமி கட்டினவா.”

“என்னத்தால?”

“தங்கூசியால.”

கத்தி நின்றது.

“கடக்கரையிலயோ பிள்ளை கட்டினனீங்கள்?” என்று என்னிடம் கேட்டார்.

“ஓம். போத்தலை விட்டிட்டான், அதுதான்.”

“இஞ்ச நாங்கள் ஒருத்தரும் பிள்ளையின்ர கையில நூல் கட்டுறேல்லை.”

எனக்கு ஏறிவிட்டது. இரவு முழுக்க அடக்கிவைத்தது எல்லாம் அவர் தலையில் கொட்டியது. “அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? அறை கட்டி ஆக்களைக் கூப்பிடத் தெரியுது. ஒரு பலகையில எழுதிப் போடத் தெரியாதோ? பிள்ளை செத்திருப்பான் அக்கா!”

அவர் கோபப்படவில்லை.

“என்னெண்டு எழுதுறது பிள்ளை? நீங்கள் படிச்சனீங்கள். சொல்லுங்கோ, எழுதுவம்.”



வெட்டிய மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார். சண்டை முடிகிற கடைசி நாட்கள். இரவில் சனம் வள்ளமேறிக் கடலால் போனது. ஒரு வள்ளத்தில் அவரும் இருந்தார். பக்கத்தில் ஒரு தாயும் மகளும். வவுனியாப் பக்கத்து வயல்காரச் சனம். கடல் பழக்கமில்லை. இருட்டில் பிள்ளை கைதவறிப் போய்விடுவாள் என்று பயந்து, வள்ளத்தில் கிடந்த தங்கூசியை எடுத்து, ஒரு நுனியைப் பிள்ளையின் மணிக்கட்டிலும் மற்றதைத் தன் கையிலும் அந்தத் தாய் கட்டினாள். அலை உடைகிற இடத்திலேயே வள்ளம் புரண்டது.

“பிள்ளை சவமாத்தான் கரையில அடைஞ்சவள். நாங்கள்தான் எடுத்துத் தாட்டனாங்கள். கையில முடிச்சு அப்பிடியே இருந்தது. மற்ற நுனியில ஒண்டுமில்லை. தாய் அடையவேயில்லை.”

அடுத்த மீனை எடுத்துச் செதில் உரசினார்.

“மகள் கரைக்கு வந்திட்டாள் எண்டு அவவுக்குத் தெரியாதெல்லோ. ஆரும் ஒரு பிள்ளையின்ர கையில நூல் கட்டியிருந்தா, இழுத்துப் பாக்கிறா.”

“அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசு?”

“எட்டு. இருந்திருந்தா இப்ப உங்கட வயசுதான்.”

சாருஜன் மீன் செதிலை நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் சொன்னான்.

“அவா என்னைத் தடவிப் பாத்தவா. நான் இல்லையாம்.”

செதிலைப் பிய்த்து மறுபடி ஒட்டினான்.

“பேந்து மாமியின்ர சோத்துக் கையைப் பிடிச்சவா. இதுவோ எண்டு கேட்டவா.”

“நீ… நீ என்ன சொன்னனீ, தம்பி?”

“எங்களை விட்டால் காணும் எண்டு, ஓம் எண்டு சொன்னனான்.”

கமலாசனி அக்கா கத்தியைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். மீனைக் கழுவவில்லை. தான் மீன் கொண்டுவந்த தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார். அதுவரை வாய்க்கு வாய் என்னைப் ‘பிள்ளை’ என்று கூப்பிட்டவர், படலையைத் தாண்டும்வரை ஒரு சொல் பேசவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

அதில் இன்னும் நூல் கட்டியிருக்கிற மாதிரி, என் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டு போனார்.