வெளுத்த கை

காலராக் கொட்டகையில் ஆயா வேலைக்குச் சேர்ந்தபோது என் மகன் கைப்பிள்ளை. தல்லாகுளத்தைத் தாண்டிய பொட்டலில் ஓலையும் மூங்கிலுமாகப் போட்ட கொட்டகை, சுற்றிலும் முள்வேலி. நோயாளிகளைக் கழுவித் துடைத்து, கட்டிலடியில் இருக்கும் பேதி வாளியை மாற்றுவது என் வேலை. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். நோய் ஓயவில்லை. எங்கள் தெருக்காரர்கள் என் மதினியிடம், அதாவது வீட்டுக்காரரின் அக்காவிடம், "கொட்டகையப் பிரிக்கிற மட்டும் அவ இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை மதினியிடம்தான் இருந்தான்.

ஒவ்வொரு வாளிக்கும் பிறகு ஊதா மருந்து கரைத்த தண்ணீரில் முழங்கை வரை முக்க வேண்டும். அதில் கை பாக்குக் கறை மாதிரி பழுப்பேறிவிடும். அரிசி கொண்டுவரும் வண்டிக்காரர் அந்தக் கையைக் கண்டாலே மூட்டையை வேலியோரம் போட்டுவிட்டு மாட்டை முடுக்குவார். என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருத்தி, "நமக்கு மருதாணி வச்சு விட்டுருக்காகடி, மாப்பிள்ளையத்தான் காணோம்" என்பாள். பயமில்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். தூங்கும்போது கை வாய்க்குப் போய்விடக் கூடாதென்று முந்தானையில் சுற்றிக்கொண்டுதான் படுப்பாள்.

எனக்கு மார் கட்டிக்கொண்டு வலித்தது. பாலைப் பீய்ச்சிச் சுண்ணாம்புக் குழியில் விட்டேன். பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு, வேற சேலை கட்டிக்கிட்டுக் குடும்மா. நானும் வீட்டுக்குப் போயி என் பிள்ளைகளத் தூக்கத்தான செய்யிறேன்" என்றார்.

மறுநாள் மதினி பிள்ளையோடு வேலிக்கு வெளியே வந்து நின்றாள்.

"ஆட்டுப்பாலத் துப்புறான். நான் எம்புட்டு நாளைக்குச் சமாளிக்க? வந்து குடு."

அக்கா எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தாள். தேய்க்கத் தேய்க்கக் கறை கழன்றது. சோப்பும் போட்டேன், சேலையும் மாற்றினேன். கை பளிச்சென்று வெளுத்துவிட்டது. அப்போதுதான் பயம் பிடித்தது. கறை இருந்தவரை மருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு தெம்பு. இந்த வெளுத்த கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எதைப் பார்த்துச் சொல்வது? காலையில் ஒருத்தியின் வாயைத் துடைத்ததும், செத்த பிறகு அவள் கண்ணை மூடிவிட்டதும் இதே கைதான்.

படலைத் திறந்தேன். பிள்ளை என்னைக் கண்டதும் தாவினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்னடி, பெத்த பிள்ளையத் தொடவா யோசிக்கிற?"

"வெயில் ஏறுது மதினி. தூக்கிட்டுப் போங்க."

"கை சுத்தமாத்தானடி இருக்கு?"

"சுத்தமாத்தான் இருக்கு."

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்தாள். அவன் அழுகை பொட்டல் முழுக்கக் கேட்டது. என் ரவிக்கை நனைந்துவிட்டது. உள்ளே போய் மறுபடி கையை மருந்தில் முக்கினேன். அக்கா மருந்து வாளியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கொட்டகையைப் பிரித்தபோது எனக்குப் பால் வற்றியிருந்தது. வீட்டுக்குப் போன அன்று பிள்ளை மடியில் வந்து உட்கார்ந்தான். மதினி கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கரண்டியால் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டான்.

"விரலால வழிச்சு ஊட்டுனாத்தான் திங்கிறான்" என்றாள் மதினி.

விரலைக் கிண்ணம் வரை கொண்டுபோனேன்.

"நீங்களே ஊட்டுங்க மதினி."