என் பெயரில் ஒரு தபால் பெட்டி

எனக்கு வந்த கடிதத்தை வலை என்று சொல்லிப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு இன்றைக்கும் வயிறுதான் எரிகிறது.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரியை ஒட்டி இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதைக் கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்குத்தான் பாடு. என் புருஷன் இருந்தவரை எங்களுக்கும் பாடு இருந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று படகை விட்டு இறங்கியவர் கரையிலேயே போய்விட்டார். அடுத்த குலுக்கலில் அவர் பெயர்ச் சீட்டு இல்லை. பையன் இருந்திருந்தால் அவன் பெயருக்கு மாறியிருக்கும். எனக்கு ஒரே பெண், அவளையும் ஆரம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. அந்தப் பாட்டை எனக்குக் கொடுங்கள் என்று போய்க் கேட்டேன். "பொம்பளைக்கு ஏதுமா பாடு?" என்றார் நாட்டார். நாட்டார் என்றால் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர். பஞ்சாயத்தில் என் கொழுந்தனும் ஒருத்தன். சொந்த அண்ணன் பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா? தரையைப் பார்த்துப் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிறகு ஏலத்தில் மீன் எடுத்துத் தலையில் சுமந்து விற்றேன். ஒரு தடவை ஊருக்கு வந்திருந்த என் பெண், நான் உயிர் நண்டுக்குக் கொடுக்குக் கட்டுவதைப் போனில் படம் பிடித்து நெட்டில் போட்டாள். கடி வாங்காமல் சணல் சுற்றி முடிச்சுப் போடுவதில் என்ன இருக்கிறது, எங்கள் ஊரில் எல்லாப் பொம்பளையும் செய்கிற வேலைதான். ஆனால் ஊர் உலகமெல்லாம் அதை வாய் பிளந்து பார்த்தது. பெண் தன் பழைய போனை என்னிடமே விட்டுப் போனாள். கரையில் வலை உதறுவது, இறால் தரம் பிரிப்பது, என் அடுப்பில் குழம்பு கொதிப்பது என்று நானே எடுத்துப் போட ஆரம்பித்தேன். நடுநடுவே சோப்பு விளம்பரமும் நகைக்கடை விளம்பரமும் ஓடின. அதற்கு எனக்குக் காசு உண்டாம். ஆனால் விலாசம் நிஜமா என்று பார்க்க, விளம்பரக் கம்பெனிக்காரன் தபாலில் ஒரு நம்பர் அனுப்புவான். அதைப் போனில் அடித்தால்தான் காசு அசையும். கெடுவுக்குள் அடிக்காவிட்டால் விளம்பரத்தையே நிறுத்திவிடுவான்.

காசு பெரிதாக வரும் என்று நான் கனவு காணவில்லை. பாடு போனபின் அந்த ஊரில் என் பெயருக்கு என்று ஒன்றுமே இல்லை. இதாவது என் பெயரில் வரட்டும் என்று காத்திருந்தேன்.

எங்கள் குப்பத்தில் வீடுகளுக்குக் கதவு நம்பர் கிடையாது. தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் கோயில் பக்கத்து ஐஸ் கடையில் போட்டுவிட்டுப் போவார். அரசாங்க நிவாரணக் கடிதமாக இருக்கும் என்று கவர் கவராக நாட்டார் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிரித்துப் படிப்பது பழக்கம். என் கவரையும் பிரித்தார்கள். உள்ளே ஒரு நம்பரும் இங்கிலீஷும். என் படங்களைத் திட்டிக்கொண்டே பார்க்கிற இளவட்டம் எவனோ விஷயத்தை ஊதிவிட்டான். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"இன்னாமா இது? ஏரியக் காட்டி துட்டு வாங்குறியாமே?" என்றார் நாட்டார்.

"கரையில நான் பண்ற வேலையக் காட்டுறேன்."

"கரைல யார் வலை உதறுறான்? அன்னிக்குப் பாடு எவனுதோ அவன். அவன் பாட்டுல நீ பூந்து சம்பாரிக்கிற. பாடு மாறி வலை போட்டா இன்னா பண்ணுவோம்?"

வலையைப் பிடுங்கி வைப்பார்கள், அபராதம் கட்டினால் திருப்பித் தருவார்கள். அது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"நான் எங்க வலை போட்டேன்? இது வெறும் நம்பரு," என்றேன்.

"இந்த நம்பர் இல்லாம துட்டு வருமா?"

"வராது."

"வலை இல்லாம மீன் வருமா? வராதில்ல? அப்போ இதுவும் வலைதான்."

அடேயப்பா, என்ன மூளை! சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வருகிற காசைத் தலைக்கட்டு வாரியாகப் பிரிக்க வேண்டும், ஒத்துக்கொண்டால் கடிதத்தைத் தருகிறோம் என்றார்கள்.

"அதுல எனக்கு எவ்ளோ பங்கு?" என்று கேட்டேன்.

என் கொழுந்தன்தான் வாயைத் திறந்தான். "உன் வூட்ல தலைக்கட்டே இல்லியே அண்ணி."

நான் சம்பாதிப்பேனாம், ஊரில் இருக்கிற ஆண்கள் எல்லாம் பங்கு போடுவார்களாம், எனக்கு மட்டும் பங்கு இல்லையாம். நல்லா இருக்கிறது நியாயம். "அந்தக் கடுதாசிய நீங்களே வெச்சிகினு நாக்கு வழிங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்பதும் உண்மைதான்.

பெண்ணுக்குப் போன் போட்டேன். டவுன் தபாலாபீசில் வருஷ வாடகைக்குப் பெட்டி தருவார்கள், கடிதம் அங்கேயே இருக்கும், நீ போய்த்தான் வாங்க வேண்டும், வேறு யாரும் தொட முடியாது என்று அவள் விசாரித்துச் சொன்னாள். கூடை சுமக்காமல் பஸ் ஏறி எத்தனை காலமாயிற்று! கவுண்டரில் இருந்த அம்மா மனுவைப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனிக்கும்மா?" என்று கேட்டார்.

"நாந்தாம்மா கம்பெனி."

அந்த அம்மா சிரித்துவிட்டார், ஆனால் நல்ல சிரிப்பு. என் பெயர் எழுதி, முத்திரை குத்தி, ஒரு பெட்டி எண் கொடுத்தார்கள். புருஷன் பெயருக்குக் கீழே இல்லாமல், ஊர்ப் பெயருக்குப் பின்னால் இல்லாமல், என் பெயர் தனியாக இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

போனில் விலாசத்தை அந்தப் பெட்டிக்கு மாற்றிக் கேட்டதும், கம்பெனிக்காரன் மறுபடி அனுப்பிய நம்பர் அங்கே வந்தது. கவுண்டர் முன்னாலேயே நின்று போனில் அடித்தேன். ஒரு தடவை தப்பாக அடித்து, திரும்ப அடித்தேன். ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நாளில் பாங்க் கணக்கில் காசும் விழுந்தது.

ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? என்னை ஒதுக்கி வைத்தார்கள். யாரும் என்னோடு பேசக் கூடாது, எனக்கு மீன் கொடுக்கக் கூடாது, நான் கரைக்குப் போனைக் கொண்டு போகக் கூடாது. நேற்று வரை என்னிடம் குழம்புக் கிண்ணத்தை நீட்டினவள் இன்று என்னைப் பார்த்ததும் குழாயடியை விட்டு நகர்ந்தாள். கொழுந்தன் என் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். டவுன் மார்க்கெட்டில் ஐஸ் மீன் வாங்கி வந்து வீட்டுக்குள்ளேயே சமைத்துப் படம் எடுத்தேன். "ஏரி எங்கே அக்கா?" என்று கேட்டுக் கேட்டு, பார்ப்பவர்கள் குறைந்தார்கள். ஏரி என் வீட்டுப் பின்பக்கம்தான் இருந்தது.

பார்ப்பவர்கள் எழுதட்டும் என்று படங்களுக்குக் கீழே பெட்டி எண்ணைப் போட்டிருந்தேன். ஒருநாள் பெட்டியில் ஒரு கவர் இருந்தது. பிரித்தால் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து! கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கட்டச் சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு, என்னோடு பேசக் கூடாது என்பதால் ஸ்டாம்பு ஒட்டி டவுனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தபாலாபீஸ் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஆனாலும் கட்டப் போனேன். நப்பாசைதான், வேறென்ன. வரி வாங்கினால் நான் தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் அடுத்த குலுக்கலில் என் பெயருக்கும் சீட்டு. பாடு வந்துவிட்டால் கரையில் நிற்காதே என்று எவன் சொல்வான்? பஸ்ஸில் வரும்போதே மனசு எங்கெங்கோ போய்விட்டது.

கோயில் மண்டபத்தில் கொழுந்தன்தான் வரி வாங்கிக்கொண்டிருந்தான். காசை மேசைமேல் வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு ரசீது எழுதிக் கிழித்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான். அதில் என் புருஷன் பெயர் இருந்தது.

"இன்னாடா இது? கட்டுறது நானு."

"தலைக்கட்டுன்னா ஒரு ஆம்பளை பேர் வேணும்ல அண்ணி. அண்ணன் பேர் இன்னும் வரி நோட்டுல கீது," என்றான், என்னோடு பேசுவதை யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே.

"அப்போ அவர் பாட்டையும் குடு."

"அது எப்படிக் குடுக்குறது? அண்ணன்தான் பூட்டாரே."

ரசீதை அவன் முன்னால் வைத்தேன். மேசைமேல் இருந்த காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"அப்போ அவரையே வந்து கட்டச் சொல்லு," என்றேன்.