ஏணியில் நின்று கேட்ட ஆங்கிலப் பாடம்

தன்னாமுனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஆங்கிலப் பாடம் தொடங்கியது. "ஹவ் ஆர் யூ?" என்று டீச்சர் கேட்டதும் என் வாய் தானாக அசைந்தது.

எங்கள் காலத்தில் அதற்கு ஒரே பதில்தான். எல்லோரும் எழுந்து, "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ" என்று ராகம் இழுப்போம். ஆங்கிலம் படிப்பித்த சேர் பிரம்பால் மேசையில் தாளம் தட்டுவார். இரவு வாவிக்கு மீன்பிடிக்கப் போன அப்பாவின் தோணி விடிந்தும் திரும்பாத நாளிலும் நான் அப்படித்தான் பாடினேன். பிறகு வாசிக்கச் சொன்னபோது குரல் வரவில்லை. சேர் வெளியே நிறுத்தினார். நான் அங்கே நிற்காமல் கரைக்கு ஓடினேன். அப்பா இடுப்பில் நனைந்த சாரத்தோடு வலையில் இறால் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிவிட்டார், பிரம்புக்குப் பயந்து நான்தான் பிறகு வகுப்புக்குத் திரும்பவேயில்லை. அதன்பின் லொறியில் கிளீனர், பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை, இப்போது வயரிங்.

கீழே ஒரு சிறுமி எழுந்தாள். "ஐ ஆம் நொட் ஃபைன், டீச்சர்."

ஏணியிலிருந்து குனிந்து பார்த்தேன்.

"ஏன் புள்ள?"

"அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. தம்பி பொறக்கப் போறான்."

"பயமா இரிக்கா? அதையும் இங்கிலிசில சொல்லு பாப்பம்."

"ஐ ஆம் அஃப்ரெய்ட்."

டீச்சர் அவளைத் தன் பக்கத்தில் இருத்தி, அவள் வீட்டுக்குப் போன் எடுத்தார். கேட்டு முடிந்ததும் சிரித்தார். "தம்பி இல்ல, தங்கச்சியாம்! அம்மாவும் சுகமாம்."

வகுப்பே கைதட்டியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், ஹவ் ஆர் யூ?"

"ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ" என்றேன். இம்முறை அது உண்மை.