பார்க்காமல் எழுதிய வரி

சிர்காவுக்கு அந்த வாரம் முழுக்கக் கைபேசி அடித்தாலே பயம். நாரின் நகர நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற இருபத்தைந்து வயசுப் பெண், கைபேசி அடித்ததும் அலமாரிக்குப் பின்னால் ஓடி ஒளிந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "எவன்டி அது?" என்றுதான் கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டார்கள். காதல் என்றால் கூடச் சமாளித்திருப்பாள். இது மேற்படிப்பு விவகாரம்.

தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலை, மொத்தமே பன்னிரண்டு இடம். பத்திரிகையில் அச்சான மூன்று கட்டுரைகளை அனுப்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் விண்ணப்பத்தைத் தொடமாட்டார்கள். அது கூடப் பரவாயில்லை. கட்டுரையில் வருகிற ஆட்களின் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தாரே கூப்பிட்டு, இந்தப் பெண் எழுதியது நிஜமா என்று விசாரிப்பார்கள். ஒரு வரி பொய் என்று தெரிந்தாலும் பெயரை அடித்துவிடுவார்கள்.

சிர்கா நாலு வருஷம் எழுதினாள். தலைநகரில் வருகிற ஒரு மாதப் பத்திரிகைக்கு எழுதி எழுதி அனுப்பியதில், திரும்பி வந்தது போக மூன்று அச்சாயின. முதலாவது, ஆற்றில் தினமும் நீர்மட்டம் அளக்கிற ஒரு பெண்மணியைப் பற்றி. இரண்டாவது, கணவாய் வழியாக வேன் ஓட்டுகிற ஒருத்தியைப் பற்றி. மூன்றாவது, பக்கத்துத் தெரு ஷெர்அலி வீட்டுக் கல்யாண விருந்து. அது வந்த அன்று தபால்காரப் பெண் வாசலிலேயே நின்று, "சுயூஞ்சு! எதாச்சும் குடுத்தாத்தான் பத்திரிகை" என்று கையை நீட்டினாள். நல்ல சேதி கொண்டு வருகிறவர் சுயூஞ்சு கேட்டால் பரிசு கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. சிர்கா ஒரு மிட்டாய்ப் பெட்டியையே கொடுத்தாள். அம்மா ராப்கான் அதே வாரம் சந்தைக்குப் போய், மகள் விடுதியில் டீ வைத்துக் குடிக்கட்டும் என்று பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்க் வாங்கி வந்து, பெட்டியைப் பிரிக்காமல் அலமாரி மேல் வைத்தாள். பள்ளிக்கூடச் சமையல்காரிக்கு அது சின்னச் செலவு இல்லை.

விண்ணப்பம் போன பத்தாம் நாள் கறிக்கடையில் குண்டு விழுந்தது. ஊரே எஜே, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற கடைக்கார அம்மாள் பூபூ, கத்தியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என்ன எழுத்தாளரம்மா, ஒஸ்மோன் ஆதாவுக்கு, அந்தப் பெரியவருக்கு, கட்டுரையில இடுப்பெலும்பு குடுத்துட்டியாமே?"

"ஆமா எஜே. அவர்தான அங்க எல்லாருக்கும் மூத்தவரு. பெரிய மரியாதை எலும்பு அவருக்குத்தான?"

"மூத்தவருதான். ஆனா அன்னைக்கு அந்த மனுசன் தின்னது முன்னங்கால் எலும்பு. எளந்தாரிப் பசங்களுக்கு வைக்கிறது."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஆட்ட அறுத்துப் பங்கு வச்சது என் புருசன். ஷெர்அலியோட மருமகன், அந்த டவுனுப் பய, எந்த எலும்பு யாருக்குன்னு தெரியாம, டை கட்டிட்டு வந்த அதிகாரி முன்னாடி இடுப்பெலும்ப வச்சிட்டான். ஆதா வாயே தொறக்கல. ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அது பத்தாதுன்னு நீ வேற அச்சுப் போட்டுக் கிண்டல் பண்ணியிருக்க. ஊரே சிரிக்குது."

சிர்கா கறியை வாங்காமலே வெளியே வந்தாள். விருந்தன்று அவள் கதவோரம் டீத்தண்ணீர் கொதிக்கிற சமோவார் பக்கத்தில் உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் உட்கார்ந்த மேல்பக்கம் அவளுக்கு முதுகுப்பக்கம். தட்டு போனது காதில் விழுந்தது, அவ்வளவுதான். எண்பத்தொரு வயசுக்காரருக்கு இடுப்பெலும்பைத் தவிர வேறென்ன வைப்பார்கள் என்று எழுதிவிட்டாள். அதோடு விட்டாளா? 'இரு கையாலும் வாங்கிக்கொண்டபோது அவருடைய தாடி நடுங்கியது' என்றும் எழுதினாள். ஆசிரியர் அந்த ஒரு வரிக்காகத்தான் கட்டுரையை எடுத்துக்கொண்டதாகக் கடிதம் போட்டிருந்தார்.

ஒஸ்மோன் ஆதா ஒரு மாதமாகத் தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் திரும்பிப் போவது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. அவருடைய எண்ணை அவளே விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவே கூப்பிடுவார்களாம். அவர் ஒரு 'இல்லை' சொன்னால் போதும், நாலு வருஷமும் போச்சு.

வீட்டில் சொன்னபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எலும்புல போயி தப்புப் பண்ணுவியா? எதுல வேணாலும் பண்ணிருக்கலாமே. கல்யாணப் பொண்ணு பேர மாத்தி எழுதியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பாங்க."

"இப்ப என்னம்மா பண்றது?"

"அவரு வீட்டுக்குப் போ. திட்டுனா வாங்கிக்க. பிஷ்கெக்காரங்க கேட்டா ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி அழு."

சனிக்கிழமை காலையில் சிர்கா ஆற்றங்கரையில் பெரியவரின் வீட்டுக் கதவைத் தட்டினாள். நாய் குரைத்தது. ஒஸ்மோன் ஆதா கதவைத் திறந்து, அவளைப் பார்த்து, முகம் வெளிறி, உள்ளே வரச் சொல்லிவிட்டுக் கதவைத் தாழ் போட்டார். தாழ் விழுந்த சத்தத்தில் அவளுக்கு உயிரே போயிற்று.

"ஆதா, நான் தப்பா எழுதிட்டேன். நான் பாக்கவே இல்ல. பூபூ எஜே சொல்லித்தான்..."

"மெதுவா பேசு. பக்கத்துல ஆளு இருக்கு." அவர் ஜன்னலையும் சாத்தினார். "மாத்திப் போடப் போறியா?"

"என்னது?"

"பத்திரிகையில. தப்புன்னு அடுத்த மாசம் போடுவாங்களாமே. போடப் போறியா?"

சுவரில், செத்துப்போன அவர் மனைவியின் படத்துக்குப் பக்கத்தில், சிர்காவின் கட்டுரை கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. தாடி நடுங்கிய வரிக்குக் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தார்கள்.

"உனக்கு நெசம் தெரிஞ்சிருமோன்னுதான் உன்னக் கண்டா ஒதுங்கிப் போனேன்" என்றார் பெரியவர். "எம் மவன் மாஸ்கோவுல கொத்து வேலை பாக்குறான். ஊருப் பக்கம் வந்து ஒம்போது வருசமாச்சு. இத யாரோ போன்ல அனுப்பி, வாசிச்சுட்டு அழுதானாம். கூட வேலை செய்றவங்களுக்கெல்லாம் காட்டுனானாம், பாரு எங்கப்பனுக்கு ஊர்ல என்ன மரியாதைன்னு. ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகுது. அவனுக்குத் தெரிய வேணாம்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆடு மேய்த்துக் காய்த்த கை.

"பிஷ்கெக்லேர்ந்து கேட்டா ஆமான்னு சொல்லிடறேன். நீயும் வாயத் தொறக்காத. ரெண்டு பேருக்கும் நல்லது."

கேட்க வந்ததைக் கேட்காமலே கொடுத்துவிட்டார். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவர் ரொட்டியைப் பிட்டுப் பாலாடையில் தொட்டுக் கொடுத்ததை அவள் தட்டிலேயே வைத்துவிட்டாள். திரும்பி நடக்கும்போது பயம் இரண்டு மடங்காகியிருந்தது. இதுவரை அவருக்குப் பயந்தாள். இப்போது தனக்கே பயந்தாள்.

ஞாயிறு கடந்தது. திங்கள்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. காலை டீயின்போது கைபேசி அடித்தது. எதிரே அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சிர்காவா? சேர்க்கைக் குழுவிலேர்ந்து பேசறேன்." வயதான பெண் குரல், அவசரமே இல்லாத குரல். "ஒஸ்மோன் பெரியவர்கிட்ட இப்பத்தான் பேசினோம். நீங்க எழுதினது எல்லாம் நிஜம்னார். கேக்காமலே ரெண்டு தடவை சொன்னார்."

"சரிங்க."

"கடைசியா எல்லாரையும் ஒரு கேள்வி கேப்போம். இந்த மூணு கட்டுரையில, நீங்க கண்ணால பாக்காத விஷயம் எதாவது இருக்கா?"

அம்மா வேகமாகத் தலையாட்டினாள், இல்லை என்று சொல் என்று. சிர்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். யாருக்கும் தெரியப் போவதில்லை. விருந்தில் இருந்த அறுபது பேரில் ஒருவர்கூடப் பிஷ்கெக்குக்குப் போய்ச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த நடுங்கிய தாடி அவ்வளவு சுலபமாக வந்திருந்தது. அதைத்தான் எல்லாரும் மெச்சினார்கள். இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டால், அடுத்த கட்டுரையிலும் யாருக்காவது தாடி நடுங்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்தப் பயம் மற்ற எல்லாப் பயத்தையும் விடப் பெரிதாக இருந்தது.

"மூணாவது கட்டுரைய நான் திருப்பி எடுத்துக்கறேன்" என்றாள்.

"ஏன்? பெரியவர் ஆமாங்கறாரே."

"அவர் மேல தப்பு ஒண்ணும் இல்லீங்க. அந்த எடத்த நான் பாக்கல. டீ ஊத்திட்டு இருந்தேன். பாத்த மாதிரி எழுதிட்டேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப ரெண்டுதான் இருக்கும்மா."

"தெரியும்."

"இந்த வருஷம் முடியாது. அடுத்த வருஷம் மூணோட வாங்க" என்று வைத்துவிட்டார்கள்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நாலு வருசம்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

வாசலில் தடி தட்டுகிற சத்தம் கேட்டது. ஒஸ்மோன் ஆதா, பண்டிகைக்குப் போடுகிற வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு, மூச்சு வாங்க நின்றார். ஆற்றங்கரையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"சுயூஞ்சு" என்று கையை நீட்டினார். "எடு, எடு. பிஷ்கெக்லேர்ந்து பேசிட்டாங்க. ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொல்லிட்டேன், எல்லாம் நெசம்னு. உனக்கு எடம் கெடச்ச மாதிரிதான்."

அம்மா வாயைத் திறந்தாள். சிர்கா அவளைப் பார்த்தாள். அம்மா வாயை மூடிக்கொண்டு எழுந்து, சமோவாருக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.

சிர்கா அலமாரி மேலிருந்து பிரிக்காத பெட்டியை எடுத்துப் பெரியவரின் கையில் கொடுத்தாள். அவர் அங்கேயே பிரித்து, பச்சைப் பிளாஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு பெருசா? அங்க போயி நீ எதுல டீ குடிப்ப?"

"போறப்ப வேற வாங்கிக்கறேன் ஆதா" என்றாள் சிர்கா.