நயினார் கொண்டுபோன எடைக்கல்

13-11-1978 — 170/110
20-11-1978 — 164/100
4-12-1978 — 176/108
11-12-1978 — 166/102

முதல் மூன்றும் ஸ்ரீபால் நயினாரின் இரத்த அழுத்தம். நான்காவது என்னுடையது. அது இந்த வரிசையில் வந்து சேர்ந்ததற்கு அவருடைய தொழில்தான் காரணம்.

திருவண்ணாமலையில் ஒரு வேர்க்கடலை மண்டியில் நான் கணக்கெழுதினேன். அவர் அங்கே மூட்டைகளை எடைபோட்டார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் ஜெயமதியை ஆரணியில் கொடுத்திருந்தார். எந்த எடைக்கல்லையும் முதலில் தலைகீழாகப் புரட்டி, அடியில் ஊற்றிய ஈயத்தை யாராவது சுரண்டியிருக்கிறார்களா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார். தராசின் மேல் சந்தேகம் வந்தால், எடை தெரிந்த கல் ஒன்றை அதில் வைத்துப் பார்ப்பார். பிறகுதான் மூட்டை ஏறும். அவர் யாரையும் நம்பமாட்டார் என்பதாலேயே விவசாயிகள் அவரை நம்பினார்கள்.

அந்த நவம்பரில் மூட்டைக் கொக்கி அவர் உள்ளங்கையைக் கிழித்தது. ஊசி போட்டுக்கொள்ளப் போனவருக்கு டாக்டர் சந்திரகலா இரத்த அழுத்தமும் பார்த்தார். ஜாஸ்தி என்றார். இன்னும் இரண்டு தரம் வரவழைத்துப் பார்த்துவிட்டு, உப்பைக் குறைக்கவேண்டும், தினமும் மாத்திரை, தானாக நிறுத்தக் கூடாது என்றார்.

நயினார் மாத்திரை வாங்காமல் மண்டிக்கு வந்தார்.

“ஒரே மூட்டையை மூணு தரம் போட்டா மூணு எடை காட்டுது. அது தராசா கணக்கரே? எனக்குத் தலைவலி உண்டா, மயக்கம் உண்டா? அந்த டாக்டரம்மா ரூமுக்குக் கீழ மருந்துக்கடை யாருது தெரியுமா? அந்தம்மா கொழுந்தனுது.”

“அதுக்கு நான் என்ன பண்ணணும் நயினாரே?”

“கூட வாங்க. மொதல்ல உங்களைப் போட்டுப் பாக்கறேன். நீங்கதான் கல்லு.”

1971-இல் ஆயுள் காப்பீட்டுக்காகப் பார்த்தபோது எனக்கு 126/80 இருந்தது. அதை அவரிடம் சொல்லியிருந்தேன். மறக்கவில்லை மனிதர்.

டாக்டரின் மேசைமேல் இருந்த கருவியைக் குனிந்து பார்த்தார். “பாதரசம் கொறைஞ்சிருக்குங்களா?”

“காத்து அடிக்காதப்போ சைபர்ல நிக்குது, நல்லாப் பாத்துக்கோங்க” என்றார் டாக்டர். கோபப்படவில்லை.

என் கையில் பட்டையைச் சுற்றினார். 166/102.

நயினார் தொடையில் தட்டினார். “பாத்தீங்களா! இவர் நூத்தி இருபத்தாறு ஆளு. நாப்பது ஜாஸ்தி காட்டுது உங்க மெஷினு.”

“அந்த நூத்தி இருபத்தாறு எப்போ பாத்தது?”

“ஏழு வருஷம் முன்னாடி” என்றேன்.

டாக்டர் நயினாரைப் பார்த்தார். “ஏழு வருஷமா முத்திரை போடாத கல்லை உங்க மண்டியில சேத்துக்குவீங்களா?”

டாக்டர் எங்கள் இருவருக்குமாகச் சொன்னார்: “மேல் நம்பர், இதயம் அழுத்தறப்போ. கீழ் நம்பர், அது ஓயறப்போ. நடந்து வந்தா, கோவமா வந்தா ஏறும், எறங்கும். மூட்டை மாதிரி ஒரே எடையில நிக்காது. அதனாலதான் பல நாள் பாக்கறேன். நயினாரே, உங்களுக்கு ஒரு நாள்கூட அது சரியான அளவுக்கு எறங்கலை. வலிக்காது, ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள ரத்தக்குழாயைக் கெடுத்துக்கிட்டே இருக்கும். ஒரு நாள் கை கால் விழுந்தப்புறம் சந்தேகப்பட்டு என்ன பிரயோஜனம்?”

எனக்கும் இன்னும் இரண்டு நாள் பார்த்தார், குறையவில்லை. நான் மாத்திரை தொடங்கினேன். பொங்கலுக்கு முன் 148/92-க்கு இறங்கியது. நயினாரிடம் சொன்னேன்.

“மெஷினும் அவங்களுது, மாத்திரையும் அவங்களுது. ரெண்டும் பேசி வச்சிருக்கும்” என்றார்.

அவர் தராசைப் பிடிக்கும்போதெல்லாம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்று விழுமா, நாளை விழுமா என்று பயம். கடைசியில் அவரே வழி சொன்னார்.

“பொங்கலுக்கு ஆரணி போறேன். அங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பாக்கறேன். அவங்களுக்கு விக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அங்கயும் ஜாஸ்தின்னா முழுங்கறேன்.”

ஆரணியிலிருந்து போட்ட முதல் கார்டில், ஆஸ்பத்திரி டாக்டர் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கிறார் என்று மட்டும் எழுதியிருந்தார். இரண்டாவது கார்டு இது:

‘மூன்று நாள் பார்த்தார்கள். மூன்று நாளும் ஜாஸ்தி. மாத்திரை தொடங்கிவிட்டேன். ஜெயமதி குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டாள், வாயில் வைக்க முடியவில்லை. அட்டைக்குப் பத்து மாத்திரை என்றான் கொடுத்தவன். எண்ணினேன். சரியாகத்தான் இருக்கிறது.’

அதற்குப் பின் கார்டு வரவில்லை. அவரே வந்து மறுபடி தராசைப் பிடித்தார். அந்தக் கடைசிக் கார்டு என் கைக்கு வந்த தேதி 22-1-1979.